மூர் மார்க்கெட்: எரிந்த கட்டிடமும் எஞ்சிய பெயரும்

1

அம்பத்தூரில் காலை மின்சார ரயில் ஏறுகிறவர்கள் தினந்தோறும் இல்லாத ஒரு கட்டிடத்தில் போய் இறங்குகிறார்கள். ஆவடி, பட்டாபிராம், திருவள்ளூர், அரக்கோணம் வண்டிகள் கடைசியாக வந்து நிற்கும் முனையத்துக்கு ரயில்வே வைத்திருக்கிற பெயர் 'மூர் மார்க்கெட் வளாகம்'. அட்டவணையில் சுருக்கமாக எம்.எம்.சி. ஜனங்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை; 'சென்ட்ரல்' என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் பெயர் இருக்கிறது. மார்க்கெட் இல்லை. 1985 மே 30 அன்று அது எரிந்தது.

எரிந்த பிறகு பிறந்தவன் நான். எனக்கு மூர் மார்க்கெட் என்பது முழுக்க முழுக்க ஒரு பிரதி. பிறர் சொல்லக் கேட்டது, அப்புறம் அப்பாவின் புத்தக அடுக்கு. அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் டர்னராக இருந்தவர். எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. அவருடைய புத்தகங்களில் பாதிக்கு மேல் முதல் பக்கத்தில் இரண்டு விஷயங்கள் இருக்கும்: முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் கையெழுத்து, அதன் மேல் மூலையில் பென்சிலால் எழுதிய விலை. மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகம் ஒன்றில் '1-50' என்று இருக்கிறது. அதை ஒரு சனிக்கிழமை சம்பளம் வாங்கின கையோடு போய் வாங்கியதாகச் சொல்வார். ஏன் அங்கே போனீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். 'அங்க எவ்வளவு நேரம் நின்னு படிச்சாலும் எழுந்து போடான்னு எவனும் சொல்ல மாட்டான்டா' என்றார்.

பழைய கட்டிடங்களைப் பாதுகாப்பது பற்றி இப்போது நிறையப் பேசப்படுகிறது. ஆகஸ்ட் வந்தால் 'மெட்ராஸ் தினம்', மரபு நடை, புகைப்படக் கண்காட்சி. இந்தப் பேச்சுக்குள் அப்பாவின் அந்த ஒரு வாக்கியத்துக்கு இடம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

2

ரயிலை விட்டு இறங்கி வெளியே வந்தால் வலப்பக்கம் பூந்தமல்லி நெடுஞ்சாலை. இப்போது அதற்குப் பெரியார் பெயர். எங்கள் பக்கத்துப் பூந்தமல்லியையும் நகரத்தின் மையத்தையும் கட்டி வைத்திருக்கிற பழைய பாதை அது. அந்தச் சாலையின் நகரத்து முனையில், கூப்பிடு தூரத்துக்குள், காலனிய அரசு 'பொது' என்று கருதியது எல்லாம் வரிசையாக நின்றது.

முதலில் பூங்கா. 1859இல் கவர்னர் சார்லஸ் ட்ரெவெல்யன் காலத்தில் உருவானது. பெயரே 'மக்கள் பூங்கா'. மிருகக்காட்சி சாலையும் இங்கேதான் வெகுகாலம் இருந்தது. 1985இல் வண்டலூர் போயிற்று. பூங்கா நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டித்தான் மற்றவை எழுந்தன. அடுத்தது விக்டோரியா பப்ளிக் ஹால்: 1883இல் விஜயநகரம் சமஸ்தானத்து ராஜா அடிக்கல் நாட்ட, ராபர்ட் சிஷோம் வரைந்து, நம்பெருமாள் செட்டி கட்டியது. 1880களின் இறுதியில் முடிந்தது. ராணியின் ஐம்பதாண்டு ஆட்சியைக் கொண்டாட அவர் பெயரையே வைத்தார்கள். அதற்குப் பக்கத்தில் 1900இல் திறந்த மூர் மார்க்கெட். நகராட்சித் தலைவராக இருந்த ஜார்ஜ் மூரின் பெயர். பிராட்வேயில் இருந்த பாப்ஹாம் மார்க்கெட் நெரிசலாகவும் அழுக்காகவும் இருக்கிறது என்பதால் அதற்கு மாற்றாகக் கட்டப்பட்டது. கடைசியாக 1913இல் வெள்ளை வெளேர் என்று ரிப்பன் மாளிகை.

பெயர்களைக் கொஞ்சம் பாருங்கள். மக்கள் பூங்கா. பப்ளிக் ஹால். நகராட்சிச் சந்தை. நகரசபை மாளிகை. நான்குமே 'பொது' என்கிற ஒரே சொல்லை நான்கு விதமாக உச்சரிக்கின்றன. உலாவும் பொது, பேசும் பொது, வாங்கி விற்கும் பொது, ஆளப்படும் பொது. இந்த நான்கில் எது நின்றது, எது போனது, யாருக்காக நின்றது, யாரோடு சேர்ந்து போனது என்பதைக் கட்டிடக் கலையின் வரலாறாக மட்டும் எழுத முடியாது. அது 'பொது' என்கிற சொல்லாடலின் வரலாறு.

3

விக்டோரியா ஹாலை எடுத்துக்கொள்வோம். 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபை தன் நாடகங்களை இங்கே போட்டது. அவருடைய 'நாடக மேடை நினைவுகள்' படித்தவர்களுக்கு இந்த ஹால் அந்நியமில்லை. 1897இல் மேல்நாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் இங்கே பேசினார். 1890களின் பிற்பகுதியில் சென்னைவாசிகள் சலனப்படம் பார்த்த முதல் இடங்களில் இதுவும் ஒன்று. 1916 நவம்பரில் பிராமணரல்லாத தலைவர்கள் கூடித் தென்னிந்திய நல உரிமைச் சங்கத்துக்கு அடியிட்ட கூட்டமும் இங்கேதான் நடந்தது என்று நீதிக்கட்சி வரலாறுகள் எழுதுகின்றன.

ஜெர்மானியச் சிந்தனையாளர் ஹேபர்மாஸ் 1962இல் எழுதிய நூலில் 'பொதுக்களம்' என்று ஒன்றைச் சொன்னார்: அரசுக்கும் வீட்டுக்கும் நடுவில், தனிமனிதர்கள் கூடிப் பொதுக் காரியங்களைத் தர்க்கம் செய்கிற இடம். விக்டோரியா ஹாலை அதற்குச் சென்னை உதாரணமாகக் காட்டுவது சுலபம். ஆனால் அவரை விமர்சித்தவர்கள் கேட்ட கேள்வியை நாமும் கேட்க வேண்டும்: அந்தக் களத்துக்குள் யார் வர முடிந்தது? ராஜாக்களும் ஜமீன்தார்களும் பணக்கார வியாபாரிகளும் நிதி கொடுத்து எழுந்த மண்டபம் அது. சுகுண விலாச சபைக்காரர்கள் வக்கீல்கள், உத்தியோகஸ்தர்கள், காசுக்காக நடிக்காதவர்கள். பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள். அவர்கள் மேடை ஏறியதால் நாடகம் 'கௌரவம்' பெற்றது என்று நம் இலக்கிய வரலாறுகள் சந்தோஷப்படுகின்றன. அந்த கௌரவம் யாரிடமிருந்து நாடகத்தைப் பிரித்தெடுத்ததால் வந்தது? அதே காலத்தில் ஊர் ஊராகப் போய் வயிற்றுக்காக நடித்த கம்பெனிக்காரர்களுக்கு 'கூத்தாடி' என்கிற வசைதானே மிஞ்சியது. 1918இல் பெரம்பூர்ப் பக்கம் மில் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை உருவாக்கினார்கள். அது இந்த மாதிரி மண்டபத்துக்குள் உருவாகவில்லை, திறந்தவெளிக் கூட்டங்களில் உருவானது.

இதனால் ஹாலைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. 1916இல் அங்கே கூடியவர்களும் பணமும் படிப்பும் உள்ளவர்கள்தான். ஆனாலும் 'பொது' என்றால் யார் என்கிற கேள்வியை அவர்கள் உள்ளே கொண்டுபோனார்கள். ஒரு கட்டிடத்தின் அர்த்தம் அடிக்கல் நாட்டிய கையோடு முடிந்துபோவதில்லை என்பதற்கு அது சாட்சி.

ஆனால் பிறகு என்ன ஆயிற்று? மாநகராட்சி நிலத்தை நீண்ட குத்தகைக்கு எடுத்து ஹாலை நடத்திய அறக்கட்டளை, குத்தகை முடிந்த பின் தகராறு, கோர்ட்டு, மறுபடி மாநகராட்சி கைக்கு வந்தது, பக்கத்தில் மெட்ரோ ரயில் தோண்டல், தகரத் தடுப்பு. கல்லூரிக்குப் போன ஐந்து வருஷமும் வேலைக்கு அலைந்த வருஷங்களும் அதன் பக்கமாகவே நடந்தேன். ஒருநாள்கூட உள்ளே போனதில்லை. போக முடியும் என்று தோன்றியதும் இல்லை. பெயரில் 'பப்ளிக்' இருந்தது. கதவில் பூட்டு இருந்தது. சிங்காரச் சென்னை 2.0 திட்டத்தின் கீழ் 2023இல் சீரமைப்புத் தொடங்கியது. கோடிக்கணக்கில் செலவு. சுவர் பிழைத்தது நல்லது. பெயரிலுள்ள நடுச்சொல் பிழைக்குமா என்பது வேறு விஷயம்.

4

மூர் மார்க்கெட்டின் கதை நேர் எதிர். சுவர் போயிற்று. ஆனால் இருந்தவரைக்கும் கதவு திறந்திருந்தது.

சிவப்புச் செங்கல், வரிசையாக வளைவுகள், இந்தோ-சாரசெனிக் பாணி. கட்டியவர்களின் நோக்கம் சந்தையை ஒழுங்குபடுத்துவது: கூச்சலும் அழுக்குமாக இருந்ததை ஒரு கூரைக்குக் கீழே, கணக்குக்குக் கீழே கொண்டுவருவது. காலனிய நகரசபைகளின் சுகாதாரச் சொல்லாடல் இது. ஆனால் ஜனங்கள் அதற்குள் போய் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கிளி, புறா, வண்ண மீன், நாய்க்குட்டி, உடைந்த கடிகாரம், ஒற்றைக்கால் நாற்காலி. உள்ளே கடை, வெளியே தரைக்கடை. ஒழுங்குக்காகக் கட்டப்பட்ட இடத்தைப் பேரம் பேசுகிற இடமாக மாற்றிவிட்டார்கள். வரைபடத்தில் இல்லாத ஒரு கட்டிடத்தை அந்தக் கட்டிடத்துக்குள் அவர்கள் கட்டினார்கள் என்றே சொல்வேன்.

இதில் பழைய புத்தகக்காரர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழ் படித்தவன் என்கிற முறையில் எனக்கு ஒரு வெட்கம் உண்டு. எம்.ஏ. பாடத்தில் அச்சு வரலாறு படித்தோம்: பதிப்பித்தவர், எழுதியவர், புரவலர், பத்திரிகை. புத்தகம் அச்சாகி விற்றதும் வரலாறு நின்றுவிடும். அந்தப் பிரதி இரண்டாவது, மூன்றாவது, நாலாவது கைக்கு எப்படிப் போயிற்று என்பதைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஆனால் புது விலை கொடுத்து வாங்க முடியாத ஒரு தலைமுறை வாசித்ததெல்லாம் இந்த இரண்டாம் கையில்தான். செத்துப்போன வக்கீலின் அலமாரி எடைக்கு வரும். அதிலிருந்து ஒரு புத்தகம் டர்னர் வீட்டுக்குப் போகும். வர்க்கம் விட்டு வர்க்கம் புத்தகம் கடக்கிற பாலம் அது. சிறுபத்திரிகைகளின் பழைய இதழ்கள் நூலகத்தில் கிடைக்காமல் தரையில் கிடைத்த கதையை மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அச்சுத்தாளைச் சேர்த்து வைத்த கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பு 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. நாம் கொண்டாட வேண்டிய காரியம். ஆனால் தாளைக் கைமாற்றிக் கைமாற்றி உயிரோடு வைத்திருந்த சந்தைக்கு என்று ஒரு பதிவேடு இல்லை. எது அரிய புத்தகம், எதற்கு யார் வருவார் என்று தெரிந்து வைத்திருந்த வியாபாரியின் அறிவை 'அறிவு' என்று நம் விமர்சனம் ஏற்றுக்கொள்ளவே இல்லை.

சென்ட்ரல் நிலையத்தை விரிவாக்க ரயில்வே அந்த இடத்தைக் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில்தான் தீப்பிடித்தது. அதைப் பற்றி ஊரில் பல பேச்சு உண்டு. பேச்சை வைத்து நான் தீர்ப்பு எழுதப் போவதில்லை. தீயைவிட அதற்குப் பின்னால் வந்தது எனக்கு முக்கியமாகப் படுகிறது. எரிந்த சுவர்களை நிமிர்த்த முடியுமா என்கிற கேள்வி நீடிக்கவில்லை. இடம் ரயில்வேக்குப் போயிற்று, முன்பதிவு மையமும் புறநகர் முனையமும் எழுந்தன. கடைக்காரர்கள் பக்கத்து அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். நிலையத்தின் முன்னால் மார்க்கெட்டின் சிறு மாதிரி ஒன்றைச் செய்து வைத்தார்கள். இதைவிடக் கச்சிதமான குறியீடு வேண்டுமா? கட்டிடத்தைச் சுருக்கினால் பொம்மை. மனிதர்களைச் சுருக்கினால் 'மறுகுடியமர்வு'. பெயரைச் சுருக்கினால் எம்.எம்.சி.

2012 ஜனவரியில் சேப்பாக்கம் கலச மகாலும் எரிந்தது. அது சீரமைக்கப்பட்டது, இன்று நிற்கிறது. எரிந்ததைத் திரும்ப எழுப்புவது முடியாத காரியம் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். இடைப்பட்ட 27 வருஷத்தில் மரபுணர்வு வளர்ந்தது உண்மைதான். ஆனால் ஒன்று நவாபின் அரண்மனையாக இருந்து அரசு அலுவலகம் ஆனது, இன்னொன்று சில்லறைச் சந்தை என்பதையும் மறக்க வேண்டாம்.

5

1903இல் வியன்னாவின் கலை வரலாற்றாசிரியர் அலோய் ரீகல், நினைவுச்சின்னங்களின் மேல் நவீன மனிதனுக்கு இருக்கும் பக்தியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒரே கட்டிடத்துக்குள் பல மதிப்புகள் சண்டை போடுகின்றன என்பது அவர் வாதம். பழமையின் மதிப்பு ஒன்று: விரிசலும் பாசியும் பார்த்து மனசு இளகுவது, அதற்குப் படிப்புத் தேவையில்லை. வரலாற்றின் மதிப்பு இன்னொன்று: இது இன்ன காலத்துச் சாட்சி என்பது, அதற்கு நிபுணர் வேண்டும். மூன்றாவது, பயன்பாட்டின் மதிப்பு: இன்றைக்கு அதற்குள் இருக்கிறவனின் தேவை. முதல் இரண்டும் மூன்றாவதோடு முட்டிக்கொண்டே இருக்கும்.

நம் ஊர்ப் பாதுகாப்புப் பேச்சில் முதல் மதிப்பு புகைப்படமாகவும் இரண்டாவது மதிப்பு பட்டியலாகவும் வந்துவிட்டது. நீதிபதி இ. பத்மநாபன் குழு நகரத்தில் 400க்கு மேற்பட்ட கட்டிடங்களைப் பட்டியலிட்டது. 2012இல் சட்டமன்றம் மரபுச்சின்ன ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. அது நடைமுறைக்கு வரவே பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. பட்டியல் வேண்டும், சட்டம் வேண்டும். அவற்றுக்காக வழக்குப் போட்டு அலைந்தவர்களை நான் கேலி செய்யத் தயாரில்லை. ஆனால் பட்டியலில் எதைப் பதிகிறார்கள்? ஆண்டு, பாணி, கட்டிடக் கலைஞர், உரிமையாளர். யார் உள்ளே நின்றார்கள் என்பதற்கு ஒரு பத்தி இல்லை. பயன்பாட்டின் மதிப்பு எழுதப்படும்போதுகூட அது வருங்காலத்துப் பயன்பாடு: அருங்காட்சியகம், காபிக்கடை, விழா அரங்கு. ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருந்தவன் 'ஆக்கிரமிப்பாளன்' ஆகிவிடுகிறான்.

இதுவரைக்கும் சொன்னதைப் படித்து நம் நண்பர்கள் தலையாட்டுவார்கள். இனிச் சொல்லப்போவது நமக்கு.

சில மாதம் முன்பு ஒரு தோழரிடம் இந்தக் கட்டுரையைப் பற்றிச் சொன்னேன். 'வெள்ளைக்காரன் கட்டினது, ஜமீன்தார் காசு குடுத்தது. அது இருந்தா என்ன, போனா என்ன? குடிசைய இடிக்கிறான், அதப் பத்தி எழுதுங்க' என்றார். நியாயமான கோபம். எனக்கும் அந்தக் கோபம் இருந்தது. ஆனால் இந்தக் கோபம் நடைமுறையில் யாருக்கு உபயோகப்பட்டது? 'காலனியச் சின்னம்' என்று நாம் கைகழுவிய ஒவ்வொன்றும் மக்கள் கைக்கு வரவில்லை. நிலம் தேவைப்பட்டவன் கைக்குத்தான் போயிற்று. மரபு என்பதை மேட்டுக்குடிப் பொழுதுபோக்கு என்று நாம் ஒதுக்கினோம். அவர்களும் 'சரி, அப்ப எங்களுதுதான்' என்று எடுத்துக்கொண்டார்கள். மூர் மார்க்கெட் ஜார்ஜ் மூருடையது என்று அவர்கள் எழுதினார்கள்; நாமும் அதை ஒப்புக்கொண்டோம். 85 வருஷம் அங்கே சுமை தூக்கியவனுடையது, தார்ப்பாய் விரித்தவனுடையது, நின்று படித்தவனுடையது என்று உரிமை கோர நமக்குத் தோன்றவில்லை. குடிசையை இடிப்பதும் சந்தையைக் காலி செய்வதும் ஒரே தர்க்கம்தான்: இடத்தைப் பயன்படுத்தியதால் ஏழைக்கு எந்த உரிமையும் சேர்வதில்லை என்கிற தர்க்கம். ஒன்றை எதிர்த்துவிட்டு மற்றதை எதிர்க்காமல் இருப்பதற்குக் கோட்பாட்டில் இடமில்லை.

6

இது பழைய கதை இல்லை. 2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ரிப்பன் மாளிகை அன்றிலிருந்து எங்கள் நகரசபையும்தான். பக்கத்திலிருக்கும் விக்டோரியா ஹாலும் அந்த வகையில் எங்களுடையது. அப்படி நினைத்துப் பார்க்கவே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது இல்லையா? அந்தக் கூச்சம்தான் பிரச்சனை.

எங்கள் பக்கத்தில் 'பாதுகாக்கத் தகுந்த கட்டிடம்' எது என்று கேட்டால் திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலைச் சொல்வார்கள். அதற்குப் பிறகு மௌனம். 1955இல் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி 'சோஷலிச பாணிச் சமுதாயம்' என்று தீர்மானம் போட்டது. அந்த மாநாட்டு நகருக்குச் சத்தியமூர்த்தி பெயர். விக்டோரியா ஹாலில் ஆடிய அதே சுகுண விலாச சபையில் நடித்தவர் அவர். சோஷலிசம் பந்தலில் பிறந்தது. மாநாடு முடிந்ததும் பந்தலைப் பிரித்துவிட்டார்கள். பந்தல் போன பிறகு வந்தவைதான் எங்கள் ஊர்: 1961இல் ஆவடி டாங்கித் தொழிற்சாலை, 1960களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை. பேட்டையின் ரம்பப் பல் மாதிரிக் கூரை போட்ட பழைய ஷெட்டுகள் ஒவ்வொன்றாகப் போய், கண்ணாடி முகம் வைத்த ஐ.டி. கட்டிடங்கள் வந்துகொண்டிருக்கின்றன. அப்பா வேலை பார்த்த ஷெட் இருந்த இடத்தை நான் தேடிப்போனேன். எது என்று அவருக்கே அடையாளம் தெரியவில்லை. ஒரு வேப்பமரத்தை வைத்து உத்தேசமாகச் சொன்னார். தொழிற்சங்கக் கொடிமரம், கேட்டு வாசல், டீக்கடை, படிப்பகம்: இவற்றுக்கு எந்தப் பட்டியலில் இடம்?

ஆகவே மூன்று காரியங்கள். ஒன்று, அல்லிக்குளத்திலும் மற்ற இடங்களிலும் இருக்கிற மூர் மார்க்கெட் வியாபாரிகளின் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்வது. இதை அரசு செய்யாது, பல்கலைக்கழகமும் செய்யாது. அந்த மார்க்கெட்டில் இருபது வயதில் தொழில் கற்றவர்களுக்கு இப்போது அறுபதுக்கு மேல் ஆகிறது. இரண்டு, விக்டோரியா ஹாலின் வாடகை என்ன, யார் கேட்டால் கொடுப்பார்கள் என்பதை ஒரு அரசியல் கேள்வியாக எழுப்புவது. ஒரு சிறுபத்திரிகைக் கூட்டம், ஒரு துப்புரவுத் தொழிலாளர் சங்கத்தின் ஆண்டுவிழா, ஒரு தெருக்கூத்து அங்கே நடக்க முடியாது என்றால், அந்தச் சீரமைப்பு பாதியில் நிற்கிறது என்றுதான் அர்த்தம். மூன்று, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியில் நம் பட்டியலை நாமே எழுதுவது. அதில் முதல் கேள்வி 'யார் கட்டினார்' என்று இருக்க வேண்டாம். 'யார் நின்றார்கள், எவ்வளவு நேரம் நிற்க விட்டார்கள்' என்று இருக்கட்டும்.

போன மாதம் அப்பாவை எம்.எம்.சி. வரைக்கும் அழைத்துக்கொண்டு போனேன். கூட்டம் நெரிகிற மாலை நேரம். அவர் ஒரு தூண் ஓரமாக நின்று, 'இங்கதான், இந்தப் பக்கமாதான் புத்தகக் கடைங்க' என்று கையை நீட்டினார். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. சீருடைக்காரர் ஒருவர் வந்து, 'வழியில நிக்காதீங்க பெரியவரே, நகருங்க' என்றார்.